சி லைப்ரரி ஃபங்ஷன்களை நாமே எழுதிப் பழகுவோம்

"யாழ்" என்ற சொல்லை, சொல்லின் நீளத்தைச் சொல்லும் சி மொழியின் ஸ்ட்ர்லென் ஃபங்ஷனிடம் கொடுத்துப் பாருங்கள். 12 என்று விடை வரும். நம் கண்ணுக்குத் தெரிவதோ இரண்டே எழுத்து. அந்த 12 எங்கேயிருந்து வந்தது என்று வடிவாக விளங்க வேண்டுமென்றால், அந்த ஃபங்ஷனை ஒருமுறை நாமே எழுதிப் பார்க்க வேண்டும்.

ஏ/எல்லில் ஐசிடி எடுத்து, பைதன் ஓரளவு பழகிவிட்டு, கம்பஸ் தொடங்கும்வரை வீட்டில் இருக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பைதனில் ஒரு சொல்லின் நீளத்தைக் கேட்டால் உடனே சொல்லிவிடும். ஏனென்றால் நீளம் சொல்லோடு சேர்த்தே சேமிக்கப்பட்டிருக்கிறது. சி மொழியில் அப்படி ஒன்றும் இல்லை. அங்கே ஒரு சொல் என்பது அடுத்தடுத்து வைத்த பைட்டுகள், கடைசியில் ஒரு பூச்சியம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஃபங்ஷன்களின் வேலை. அந்த வேலையை நீங்களே செய்து பார்த்தால் மெமரி என்பது கண்முன்னே தெரியத் தொடங்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதிப் பழகுவது படிப்பதற்காக. உண்மையான புரோகிராமில் லைப்ரரியில் உள்ளதையே பாவியுங்கள். பல ஆண்டுகளாகப் பலர் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்தவை அவை.

தொடங்கும் முன்

லினக்ஸ் உள்ள லப்டொப் இருந்தால் நல்லது. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூ-எஸ்-எல் போட்டுக்கொள்ளலாம். லப்டொப்பே இல்லையா? அன்ட்ரொய்ட் கைபேசியில் டெர்மக்ஸ் நிறுவி, அதற்குள் கிளாங் கொம்பைலரைப் போட்டால் இந்தக் கட்டுரையில் உள்ள முக்கால்வாசியையும் செய்துவிடலாம். அதோடு சதுரக் கோடு போட்ட கணக்குக் கொப்பி ஒன்றும் கட்டாயம் வேண்டும். ஒரு சதுரம் ஒரு பைட். கொம்பைலரைவிட இந்தக் கொப்பிதான் உங்களுக்கு அதிகம் உதவும்.

நிரலை நான் முழுதாக எழுதித் தரப்போவதில்லை. என்ன நடக்க வேண்டும் என்று சொல்லால் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள். பார்த்து எழுதினால் கை மட்டும்தான் பழகும்.

கொம்பைல் செய்யும்போது எச்சரிக்கைகளை எல்லாம் திறந்து வையுங்கள். ஜிசிசி கொம்பைலரிலும் கிளாங்கிலும் அதற்கு "வோல்", "டபிள்யூ-எக்ஸ்ட்ரா" என்ற இரண்டு தெரிவுகள் இருக்கின்றன. அட்ரஸ் சனிடைசர் என்ற தெரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டி வாசித்தாலோ எழுதினாலோ எந்த வரியில் தாண்டினீர்கள் என்று அது காட்டிக்கொடுக்கும். கொம்பைலர் நிரலை வேகப்படுத்தும் மேம்படுத்தலைப் பூச்சியத்தில் விடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பெயர் விஷயத்தில் ஒரு சட்டம் உண்டு. "ஸ்ட்ர்", "மெம்" என்று தொடங்கி அடுத்ததாகச் சின்ன எழுத்து வரும் ஃபங்ஷன் பெயர்களையெல்லாம் சி தரம் தனக்கென ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆகவே உங்கள் பெயரின் முதல் இரண்டு எழுத்தையும் ஓர் அடிக்கோட்டையும் முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். லைப்ரரியோடு மோதல் வராது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் முடியும்.

முதலில் ஒப்பந்தத்தை வாசியுங்கள்

டேர்மினலில் மான் கட்டளைக்கு 3 என்ற எண்ணையும் ஃபங்ஷனின் பெயரையும் கொடுத்தால் அதன் கையேட்டுப் பக்கம் வரும். 3 என்பது லைப்ரரி ஃபங்ஷன்களுக்கான பகுதி. எழுத உட்காரும் முன் இந்தப் பக்கத்தை வாசித்து மூன்று விஷயங்களைக் கொப்பியில் எழுதுங்கள்: எதை வாங்குகிறது, எதைத் திருப்பித் தருகிறது, எதை நம் பொறுப்பில் விடுகிறது. மூன்றாவதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள்.

உதாரணமாக, ஸ்ட்ர்லென்னிடம் நல் பொயின்டரைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று ஒப்பந்தத்தில் இல்லை (பொயின்டர் என்பது மெமரி முகவரி ஒன்றை வைத்திருக்கும் மாறி, நல் என்பது எந்த இடத்தையும் காட்டாதது). புதிதாகப் பழகுபவர்கள் பயத்தில் ஒரு சோதனையைப் போட்டு, நல் வந்தால் பூச்சியத்தைத் திருப்பிவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள் என்பதுதான் என் கருத்து. அழைத்தவர் விட்ட பிழையை அது மூடி மறைத்துவிடும். புரோகிராம் அந்த இடத்திலேயே விழுந்தால் பிழை எங்கே என்று உடனே தெரியும்.

ஸ்ட்ர்லென்: படலை வரை எண்ணுதல்

நம் ஊர் வேலி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கிளுவையும் பூவரசும் கதியால்களாக வரிசையாக நிற்கின்றன. முதல் கதியாலில் கைவைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நடக்கிறீர்கள். படலை வந்ததும் நிற்கிறீர்கள். படலையை எண்ணுவதில்லை. ஸ்ட்ர்லென் செய்வது இதுதான். கதியால் என்பது பைட், படலை என்பது பூச்சியம்.

படி இதுதான். எண்ணியைப் பூச்சியத்தில் வையுங்கள். பொயின்டர் நிற்கும் பைட் பூச்சியமா என்று பாருங்கள். இல்லையென்றால் எண்ணியையும் பொயின்டரையும் ஒவ்வொன்று கூட்டுங்கள். பூச்சியமென்றால் எண்ணியைத் திருப்பிக் கொடுங்கள். எண்ணியின் வகை, மறையெண்ணே இல்லாத சைஸ்-டி ஆக இருக்கட்டும். நீளம் ஒருபோதும் மறையெண் ஆகாது. வாங்கும் பொயின்டருக்கு முன்னால் கொன்ஸ்ட் போடுங்கள். எண்ண வந்தவர் கதியாலைப் பிடுங்க மாட்டார் என்ற உறுதிமொழி அது.

இங்கே மூன்று பூச்சியங்கள் ஆட்களைக் குழப்பும். முடிவைக் காட்டும் பூச்சியம் என்பது 0 என்ற பெறுமதியுள்ள ஒரு பைட். "0" என்ற இலக்க எழுத்தின் பெறுமதி 48. நல் என்பது எந்த இடத்தையும் காட்டாத பொயின்டர். மூன்றும் வேறு வேறு.

படலையே இல்லாத வேலியில் எண்ணத் தொடங்கினால்? பக்கத்து வளவுக்குள்ளும் போய் எண்ணிக்கொண்டே இருப்பீர்கள். ஸ்ட்ர்லென்னும் அப்படித்தான். பூச்சியம் போட்டு முடிக்காத அரேயைக் கொடுத்தால், எங்கேயாவது ஒரு பூச்சியம் தற்செயலாகத் தட்டுப்படும்வரை, அல்லது புரோகிராம் விழும்வரை ஓடும்.

சரி, அந்த 12? "யாழ்" என்பது யுனிகோடில் நான்கு குறிகள்: ய, கால், ழ, புள்ளி. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ய என்பது 224, 174, 175. புள்ளி என்பது 224, 175, 141. நான்கு மூன்று பன்னிரண்டு. "யாழ்ப்பாணம்" என்றால் 11 குறிகள், 33 பைட்டுகள். கொப்பியில் 34 சதுரம் கீறி நிரப்பிப் பாருங்கள். கடைசிச் சதுரத்தில் பூச்சியம்.

இதிலிருந்து நல்ல பயிற்சி ஒன்று கிடைக்கிறது. யுடிஎஃப்-8 இல் ஒரு குறியின் இரண்டாம், மூன்றாம் பைட்டுகள் எப்போதும் 128 இலிருந்து 191 வரையான பெறுமதிகளில்தான் இருக்கும். ஆகவே அந்த எல்லைக்குள் வரும் பைட்டுகளை எண்ணாமல் விட்டால் குறிகளின் எண்ணிக்கை கிடைக்கும். "யாழ்" என்பதற்கு 4 வரும். அதை 2 ஆக்க வேண்டுமென்றால், காலையும் புள்ளியையும் போல ஒட்டி வரும் குறிகளை எண்ணாமல் விட வேண்டும். அப்படி ஒரு ஃபங்ஷன் சி லைப்ரரியில் இல்லை. நீங்கள் எழுதினால் அது உங்களுடையது.

பிரதி எடுத்தல்

ஸ்ட்ர்கொப்பி எழுதுவது சுலபம். மூலத்தில் உள்ள ஒவ்வொரு பைட்டையும் இலக்குக்கு மாற்றுங்கள், கடைசிப் பூச்சியத்தையும் சேர்த்து. பிறகு இலக்கின் தொடக்கப் பொயின்டரைத் திருப்பிக் கொடுங்கள். பொயின்டரைக் கூட்டிக்கொண்டே போனபிறகு தொடக்கம் கையில் இருக்காது. முதலிலேயே ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இலக்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஸ்ட்ர்கொப்பிக்குத் தெரியாது. கேட்பதும் இல்லை. இடம் போதாவிட்டால் வேலியைத் தள்ளிப் போட்டு அடுத்தவர் காணிக்குள் எழுதும். இதே குறை, ஒரு வரியை வாசித்துத் தரும் கெட்ஸ் ஃபங்ஷனிலும் இருந்தது. 1988 நவம்பரில் இணையத்தில் தானாகவே பரவிய மொரிஸ் புழு என்ற நிரல் கணினிகளுக்குள் நுழைந்த வழிகளில் ஒன்று, ஃபிங்கர் சேவை கெட்ஸைப் பாவித்ததுதான். 2011 ஆம் ஆண்டின் சி தரத்தில் கெட்ஸை அடியோடு நீக்கிவிட்டார்கள்.

அப்படியென்றால் ஸ்ட்ர்-என்-கொப்பி பாதுகாப்பானதா என்று கேட்பீர்கள். பெயர் அப்படித்தான் எண்ண வைக்கும். ஆனால் அது வேறொரு வேலைக்கு வந்தது. பழைய யுனிக்ஸில் கோப்பின் பெயருக்கு 14 பைட் கொண்ட நிலையான பெட்டி இருந்தது. பெயர் சின்னதென்றால் மிச்சத்தைப் பூச்சியத்தால் நிரப்பும். பெயர் பெட்டியை நிரப்பிவிட்டால் முடிவுப் பூச்சியம் போடாது. அந்தப் பெட்டிக்கு அது சரி, நமக்கு அது படலை இல்லாத வேலி.

நான் எழுதிப் பழகச் சொல்வது ஸ்ட்ர்-எல்-கொப்பி. 1998 இல் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 2.4 பதிப்புடன் வந்தது, லினக்ஸில் வழக்கமாக இருக்கும் சி லைப்ரரியான ஜிலிப்சியில் 2023 இல் 2.38 பதிப்பில்தான் சேர்ந்தது. இலக்கின் முழு அளவையும் வாங்கிக்கொள்ளும். அளவு பூச்சியமாக இல்லாதவரை முடிவுப் பூச்சியத்தைக் கட்டாயம் போடும். திருப்பித் தருவது மூலத்தின் முழு நீளத்தை. அந்த எண் இலக்கின் அளவுக்குச் சமமாகவோ கூடவோ இருந்தால் சொல் வெட்டுப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

வெட்டுப்படும்போது தமிழுக்கு என்ன நடக்கிறது என்று கிட்ட நின்று பார்ப்போம். "நல்லூர்" என்பது 7 குறிகள், 21 பைட். அதை 20 பைட் அரே ஒன்றுக்குள் போடுங்கள். முடிவுப் பூச்சியத்துக்கு ஒன்று போக 19 இடம். முதல் 18 பைட்டில் "நல்லூர" என்பது வந்துவிடும். பத்தொன்பதாவது பைட் 224. அது புள்ளியின் முதல் மூன்றிலொரு பங்கு. திரையில் "நல்லூர" என்று வந்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்ட ஒரு கட்டம் நிற்கும். நம் புரோகிராம்களில் அடிக்கடி காணும் அந்தக் கட்டம் பல நேரம் இப்படித்தான் பிறக்கிறது.

திருத்துவது கடினமில்லை. வெட்டும் இடத்தில் தவறவிடப் போகும் முதல் பைட்டைப் பாருங்கள். அது 128 முதல் 191 வரைக்குள் இருந்தால் ஒரு பைட் பின்வாங்குங்கள். அந்த எல்லைக்குள் இல்லாத பைட் வரும்வரை பின்வாங்கி, அங்கே பூச்சியத்தைப் போடுங்கள். உடைந்த குறி இனி வராது. ஆனாலும் "ர்" என்பது "ர" ஆகிவிட்டது. எழுத்தும் சிதையக்கூடாது என்றால், வெட்டுக்கு அடுத்து நிற்பது ஒட்டுக் குறியா என்று பார்த்து, ஆமென்றால் அதன் தாய் எழுத்தையும் சேர்த்து விட வேண்டும். இதைக் கட்டாயம் எழுதிப் பாருங்கள்.

மெம்மூவ்: வாங்கில் ஒரு ஆள் தள்ளி இருத்தல்

மெம்கொப்பி பூச்சியத்தைத் தேடாது. எத்தனை பைட் என்று சொல்கிறீர்களோ அத்தனையை மாற்றும். மூலமும் இலக்கும் ஒன்றன்மேல் ஒன்று படக்கூடாது என்பது அதன் ஒப்பந்தம். பட்டாலும் சரியாகச் செய்வது மெம்மூவ்.

வித்தியாசத்தை ரியூசன் கொட்டிலில் பார்க்கலாம். ஆறு பேர் இருக்கக்கூடிய வாங்கில் ஐந்து பிள்ளைகள் இருக்கிறார்கள், வலது ஓரம் வெறுமை. எல்லோரும் ஒரு இடம் வலப்பக்கம் தள்ள வேண்டும். இடது ஓரத்துப் பிள்ளை முதலில் தள்ளினால் பக்கத்துப் பிள்ளையின் மடியில்தான் இருக்க வேண்டும். ஆகவே வலது ஓரத்துப் பிள்ளை முதலில் தள்ள வேண்டும், பிறகு அதற்கு அடுத்தது. இடப்பக்கம் தள்ளுவதென்றால் இடது ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

மெமரியில் பிள்ளைக்கு வலிக்காது, பைட் அழிந்துவிடும். 1, 2, 3, 4, 5 என்ற பைட்டுகளை ஒரு இடம் வலப்பக்கமாக, முன்னிருந்து மாற்றிப் பாருங்கள். எல்லாம் 1 ஆகிவிடும். கொப்பியில் ஒவ்வொரு படியாக அழித்து அழித்து எழுதினால் ஏன் என்று தெரியும்.

ஆகவே மெம்மூவ் செய்வது இதுதான்: இலக்கின் முகவரி மூலத்தின் முகவரியைவிடச் சிறிதென்றால் முன்னிருந்து மாற்றும், பெரிதென்றால் பின்னிருந்து. பின்னிருந்து வரும் லூப்பில் கவனம். சைஸ்-டி வகையில் பூச்சியத்துக்குக் கீழே போக முடியாது. "பூச்சியத்துக்குச் சமம் அல்லது பெரிது" என்று நிபந்தனை வைத்தால் லூப் ஒருபோதும் நிற்காது. பூச்சியத்தைவிடப் பெரிதாக இருக்கும்வரை, முதலில் ஒன்றைக் குறைத்துவிட்டுப் பிறகு பைட்டை மாற்றுங்கள்.

"மெம்கொப்பியே போதும், என் கணினியில் சரியாகத்தானே வருகிறது" என்று சொல்பவர்களுக்கு 2010 இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அந்த ஆண்டு வந்த ஃபெடோரா 14 லினக்ஸில் இருந்த ஜிலிப்சி, சில ப்ரொசெஸர்களில் வேகத்துக்காக மெம்கொப்பியைப் பின்னிருந்து மாற்றும்படி செய்திருந்தது. ஒப்பந்தப்படி அதில் பிழை இல்லை. ஆனால் 64 பிட் ஃப்ளாஷ் பிளேயர் ஒன்றன்மேல் ஒன்று படும் இடங்களில் மெம்கொப்பியைப் பாவித்திருந்தது. காணொளிகளில் ஒலி கெட்டுப்போய் வந்தது. அதுவரை அது ஓடியது வெறும் தற்செயல்.

ஸ்ட்ர்கொம்ப்: நான் விட்ட பிழை

இரண்டு சொற்களில் எது முந்தியது என்று சொல்வது ஸ்ட்ர்கொம்ப். இரண்டு சொற்களையும் ஒரே நேரத்தில் நடந்து பார்க்க வேண்டும். இரண்டிலும் பைட் சமமாக இருந்து, பூச்சியமாக இல்லாதவரை முன்னே போங்கள். நின்ற இடத்தில் முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்துத் திருப்பிக் கொடுங்கள். பார்க்க அவ்வளவுதான்.

நான் முதன்முதலில் இதை எழுதியபோது பைட்டுகளைச் சாதாரண "சார்" வகையிலேயே கழித்தேன். ஊர்ப் பெயர்கள் சிலவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து வைத்து, அகரவரிசையில் அடுக்கும் சின்னப் புரோகிராம் அது. என் லப்டொப்பில் தமிழ்ப் பெயர்கள் முதலில் வந்தன. அதே நிரலை ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் கொம்பைல் செய்தேன், ஆங்கிலப் பெயர்கள் முதலில் வந்தன. அடுக்கும் பகுதியில்தான் பிழை என்று இரண்டு நாள் அதையே தோண்டினேன்.

காரணம் "சார்" வகைக்குக் கூட்டல், கழித்தல் குறி உண்டா இல்லையா என்பதை சி தரம் கொம்பைலரிடமே விட்டிருக்கிறது. இன்டெல் கணினிகளில் வழக்கமாகக் குறி உண்டு. அங்கே தமிழ்க் குறியின் முதல் பைட்டான 224 ஆனது மறை 32 ஆகிவிடும். ஆங்கிலப் பெரிய ஏ 65. மறை 32 சிறிது, ஆகவே தமிழ் முதலில். ராஸ்பெரி பை போன்ற ஏஆர்எம் ப்ரொசெஸர் கணினிகளின் லினக்ஸில் வழக்கமாகக் குறி இல்லை, 224 என்பது 224 தான். தரம் சொல்வது: ஒப்பிடும்போது பைட்டை "அன்சைன்ட் சார்" ஆகவே எடுக்க வேண்டும். இரண்டு பொயின்டரையும் அந்த வகைக்கு மாற்றிய பிறகு இரண்டு கருவியிலும் ஒரே வரிசை வந்தது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்திருந்தால் இந்தப் பிழை எனக்குத் தெரிந்தே இருக்காது. உங்கள் ஒவ்வொரு சோதனையிலும் ஒரு தமிழ்ச் சொல்லையாவது வையுங்கள்.

லைப்ரரியோடு ஒப்பிடும்போது விடையின் குறியை மட்டும் பாருங்கள். மறையா, பூச்சியமா, நேரா என்பதுதான் ஒப்பந்தம். உங்களுக்கு 7 வந்து லைப்ரரிக்கு 1 வந்தால் இரண்டுமே சரி.

ஏடொய்

"42" போன்ற எழுத்தை எண்ணாக்குவது. முன்னால் உள்ள வெற்றிடங்களைத் தாண்டுங்கள், ஒரே ஒரு கூட்டல் அல்லது கழித்தல் குறியை ஏற்றுக்கொள்ளுங்கள், பிறகு இலக்கம் வந்துகொண்டிருக்கும்வரை பழைய விடையை 10 ஆல் பெருக்கி, எழுத்திலிருந்து 48 ஐக் கழித்துக் கூட்டுங்கள். "அடி 42" போல எழுத்தில் தொடங்கினால் இலக்கமே தொடங்கவில்லை, விடை பூச்சியம். 32 பிட் இன்ட் வகையில் மிகச் சிறிய எண் மறை 2147483648, மிகப் பெரியது 2147483647. நேராகச் சேர்த்துவிட்டு கடைசியில் குறியை மாற்றினால் அந்த மிகச் சிறிய எண் நடுவிலேயே எல்லை தாண்டிவிடும். மறைப் பக்கமாகவே சேர்த்து வந்தால் தப்பலாம்.

வேகம் பார்க்க ஆசைப்படும்போது

மேம்படுத்தலைப் பூச்சியத்தில் விடச் சொன்னேன் அல்லவா. பைட்டுகளை ஒரே பெறுமதியால் நிரப்பும் மெம்செட்டை எழுதி, உயர்ந்த மேம்படுத்தலில் ஜிசிசிக்குக் கொடுத்தால், "இந்த லூப் மெம்செட் வேலைதானே" என்று கண்டுபிடித்து லூப்பை எடுத்துவிட்டு லைப்ரரியின் மெம்செட்டை அழைக்கும் நிரலைப் போட்டுவிடும். உங்களுடையது லைப்ரரி அளவு வேகமாக ஓடுகிறது என்று மகிழ்வீர்கள், ஓடுவதோ லைப்ரரிதான். முன்னொட்டு இல்லாமல் மெம்செட் என்றே பெயர் வைத்திருந்தால் பழைய ஜிசிசி பதிப்புகளில் ஃபங்ஷன் தன்னையே அழைத்து அழைத்து ஸ்டாக் நிரம்பி விழவும் கூடும்.

அடுத்து ப்ரின்ட்எஃப்

இதுவரை செய்தது கைக்கு வந்தபிறகு சின்ன ப்ரின்ட்எஃப் ஒன்றை எழுதுங்கள். எழுத்து, சொல், முழு எண், நூற்றுவீதக் குறி ஆகிய நான்கும் போதும். எத்தனை மாறிகள் வரும் என்று தெரியாத ஃபங்ஷன் அது. வந்த ஒவ்வொன்றையும் என்ன வகை என்று நீங்கள் சொல்லித்தான் எடுக்க வேண்டும். இங்கே பொறி ஒன்று இருக்கிறது: அப்படி அனுப்பும்போது "சார்" வகை இன்ட் ஆகவும் ஃப்ளோட் வகை டபிள் ஆகவும் மாறித்தான் வரும். ஆகவே எழுத்தை எடுக்கும்போதும் இன்ட் என்றே கேளுங்கள். கடைசியில் எத்தனை பைட் அச்சிட்டீர்கள் என்று திருப்பிக் கொடுக்க மறக்காதீர்கள்.

கேட்ட அளவு மெமரியை ஒதுக்கித் தரும் மலொக்கைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் 64 கிலோபைட் அரே ஒன்றை வைத்து, கேட்டவர்களுக்கு முன்பக்கமிருந்து வெட்டிக் கொடுங்கள். ஒவ்வொரு துண்டும் 16 ஆல் பிரிபடும் முகவரியில் தொடங்கட்டும். திருப்பி வாங்கும் வேலையை அதற்கடுத்த கிழமை பார்க்கலாம்.

இவ்வளவும் எழுதியபிறகு மஸ்ல் என்ற சி லைப்ரரியின் மூல நிரலைத் திறந்து பாருங்கள். 2011 இல் வந்தது, புதியவர்கள் வாசிக்கக்கூடிய அளவுக்குச் சுருக்கமானது. அதில் ஸ்ட்ர்லென் ஒவ்வொரு கதியாலாக நடப்பதில்லை. 64 பிட் கணினியில் எட்டெட்டாகத் தாவி, அந்த எட்டுக்குள் பூச்சியம் இருக்கிறதா என்று ஒரே கணக்கில் பார்க்கிறது. படலையைத் தாண்டியும் சில பைட்டுகளை வாசித்துவிடுமே, அது ஏன் விழுவதில்லை என்று கேள்வி வரும். எட்டால் பிரிபடும் முகவரி வரும்வரை அது முதலில் ஒவ்வொன்றாக நடக்கிறது. அங்கிருந்து எட்டு பைட் வாசித்தால் அந்த எட்டும், இயங்குதளம் மெமரியைப் பிரித்து வைத்திருக்கும் பக்கங்களில் ஒரே பக்கத்துக்குள்தான் இருக்கும், ஒருபோதும் அடுத்த பக்கத்துக்குள் கால் வைக்காது. கொப்பியில் எட்டெட்டுச் சதுரமாகப் பிரித்து "யாழ்ப்பாணம்" என்பதன் 34 பைட்டையும் நிரப்பிப் பாருங்கள். முடிவுப் பூச்சியம் ஐந்தாவது எட்டில் இரண்டாவது சதுரத்தில் வரும்.